வெப்பம் காட்டாத நிலை

மார்கழி அதிகாலையில் மில்லர்புரத் தெருக்களில் வாசலுக்கு வாசல் நட்சத்திரக் கோலம் இருக்கும். இடுக்குப் புள்ளியாக 1, 4, 3, 4, 1 என்று பதின்மூன்று வைத்தால் ஆறு முனை நட்சத்திரம் வந்துவிடும். டான்டலம் டைசல்பைடு படிகத்தின் ஒரு வகையை மைனஸ் 90 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால், அதன் டான்டலம் அணுக்களும் இதே கணக்கில்தான் கூடுகின்றன: நடுவில் ஓர் அணு, அதை நோக்கிச் சற்றே நகர்ந்த பன்னிரண்டு.

டான்டலம் டைசல்பைடு ஓர் அடுக்குப் பொருள். கந்தகம், டான்டலம், கந்தகம் என்று மூன்று அணுக் கனமுள்ள தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பென்சில் கிராஃபைட்டும் அடுக்குப் பொருள்தான். விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், என். கங்குலியுடன் சேர்ந்து கிராஃபைட்டின் எலக்ட்ரான்களையும் திசைக்குத் திசை மாறும் அதன் காந்தப் பண்பையும் ஆராய்ந்து 1941-இல் எழுதினார். ராமன் விளைவோடு மட்டுமே அவர் பெயரை நாம் நினைவில் வைத்திருப்பது எனக்கு வருத்தம்தான்.

நட்சத்திரத்துக்குப் பதின்மூன்று எலக்ட்ரான்கள். பன்னிரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்துவிட, ஒன்று தனித்து நிற்கும். பக்கத்து நட்சத்திரத்துக்குத் தாவப் பார்த்தால் அங்கிருக்கும் எலக்ட்ரான் விலக்கித் தள்ளும். எதுவும் நகராததால் படிகம் மின்காப்புப் பொருளாகிறது என்பது வழக்கமான விளக்கம்.

2014-இல் ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் டிராகன் மிஹைலோவிச்சின் குழு, இந்தப் படிகத்தின் மேல் 35 ஃபெம்டோ விநாடி லேசர் துடிப்பு ஒன்றே ஒன்றைப் பாய்ச்சியது. அந்த நேரத்தில் ஒளியே ஒரு தலைமுடியின் கனத்தைக் கடக்காது. மின்தடை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சரிந்தது. துடிப்பு போன பிறகும் சரிந்தபடியே நின்றது!

மெதுவாகச் சூடாக்கினால் எலக்ட்ரான்களும் அணுக்களும் சேர்ந்தே சூடேறும். படிகம் தனக்குப் பழகிய நிலைகள் வழியாகவே போகும். துடிப்போ முதலில் எலக்ட்ரான்களைத்தான் கிளப்புகிறது. கனத்த அணுக்கள் சுதாரிப்பதற்குள் எலக்ட்ரான்கள் வேறு ஏற்பாட்டுக்குள் போய்விடுகின்றன. நட்சத்திர வரிசை துண்டு துண்டாக உடைய, படிகம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. இதை மறைநிலை என்கிறார்கள். எந்த வெப்பநிலையில் வைக்கிறோம் என்பது மட்டுமல்ல, எவ்வளவு வேகத்தில் தட்டுகிறோம் என்பதும் ஒரு பொருள் என்னவாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த ஆய்வில் என்னை வியக்க வைப்பது அதுதான்.

வேறு வகைத் துடிப்புகளை வரிசையாக அனுப்பினால், அல்லது சற்றே சூடாக்கினால், பழைய காப்பு நிலை திரும்பும். எழுதவும் அழிக்கவும் முடிவதால் கணினி நினைவகத்துக்கு இது பொருந்தும். லேசருக்குப் பதில் மின்துடிப்பாலும் மாற்றலாம் என்று பிறகு காட்டினார்கள். குளிர்தான் தடை: லேசர் எழுதிய நிலை நெடுநேரம் நிலைக்கக் கடுங்குளிர் வேண்டும்.