உங்களுக்குத் தெரியுமா? இரு பக்கமும் நிரூபிக்க வேண்டும்
2002இல் ஏ-9 வீதி திறந்தபின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போனவர்கள் ஓமந்தையில் இராணுவத்திடமும் புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளிடமும் தம்மை அடையாளப்படுத்த வேண்டியிருந்தது. சோதித்தவர்களைச் சீருடையே அடையாளம் காட்டியது. ஒன்றோடொன்று பேசும் செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்குச் சீருடையும் இல்லை, முகமும் இல்லை. அதனால் இரு பக்கமும் தம்மை நிரூபித்தாக வேண்டும். ஆளுக்கொரு இரகசியத் திறப்பு இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1978இல் கணினி அறிஞர்களான நீதமும் ஷ்ரோடரும் அடையாளத்தை நிரூபிக்க வகுத்த நெறிமுறையும் அத்தகைய திறப்புகளையே நம்பியது. இடையில் நிற்பவர், திறப்பு எதையும் திருடாமலே, இன்னொருவராக நடிக்கலாம் என்று 1995இல் கவின் லோ காட்டினார். பதில் அனுப்புபவரின் பெயரையும் அந்தப் பதிலுக்குள் சேர்ப்பதே அவர் சொன்ன திருத்தம். 17 ஆண்டுகள் அறிஞர் கண்ணுக்கே தப்பிய ஓட்டை அது. அதனால் வங்கிக் கணக்கைக் கையாளும் முகவர்களின் நெறிமுறையைக் கணித முறைப்படி சோதிக்காமல் பாவனைக்கு விடக்கூடாது.