செல்லாக்காசும் விற்பனை இயந்திரமும்

காசு போட்டால் பொருள் தரும் தானியங்கி விற்பனை இயந்திரம் நாணயத்தில் பொறித்த தலையையோ எழுத்தையோ படிப்பதில்லை. அகலம், தடிமன், எடை, உலோகம் என்ற சில குணங்களைச் சோதித்து, அவை பொருந்தினால் காசை ஏற்றுக்கொள்ளும். செல்லாக்காசு நுழைய இந்த வழியே போதுமானதாக இருந்தது. ஈயத்தில் வார்த்த வில்லை, இரும்புத் தகட்டில் வெட்டிய வட்டு, நடுவில் துளையுள்ள வாஷர், மதிப்புக் குறைந்த அயல்நாட்டு நாணயம், சுரண்டி எடை குறைத்த நாணயம் எனப் பல வடிவங்களில் அது வந்தது.

கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த ஹீரோன், காசு போட்டால் கோயில் தீர்த்தம் தரும் கருவி ஒன்றை விவரித்திருக்கிறார். மேலுள்ள துளை வழியே விழும் காசு, தராசுக்கோல் போன்ற தண்டின் ஒரு முனையிலுள்ள தட்டில் தங்கும். அந்தப் பாரத்தில் தட்டு தாழ, மறுமுனை எழுந்து அடைப்பைத் திறக்கும். தட்டு சாய்ந்து காசு வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். இங்கே சோதனை எடை ஒன்றுதான். அதே எடையுள்ள உலோகத் துண்டு எதுவாயினும் தீர்த்தம் கிடைத்திருக்கும்.

1883-இல் பெர்சிவல் எவரிட் லண்டனில் அஞ்சலட்டை விற்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். 1888-இல் நியூயார்க் நகரின் மேம்பால ரயில் நிலையங்களில் தாமஸ் ஆடம்ஸ் நிறுவனத்தின் சூயிங்கம் இயந்திரங்கள் நின்றன. ஆள் இல்லாத இடத்தில் இரவும் பகலும் விற்பதே இவற்றின் பலம். ஏமாற்ற வந்தவர்களுக்கும் அதுவே வசதியாயிற்று. கடைக்காரர் ஐயம் வந்தால் காசைச் சுண்டிப் பார்ப்பார். இயந்திரத்துக்கு அந்தக் காதும் கையும் கிடையாது.

அதனால் நாணயம் செல்லும் பாதையிலேயே வரிசையாகச் சோதனைகளை அமைத்தார்கள். வாயின் அளவு பெரிய வில்லையைத் தடுத்தது. சிறியது பாதையின் இடைவெளியில் நழுவி விழுந்தது. எடை குறைந்த காசால் சமநிலைத் தொட்டிலைச் சாய்க்க முடியவில்லை. வாஷரின் துளையில் ஒரு சிறு கொக்கி மாட்டியது. இரும்பைக் காந்தம் பிடித்துக்கொண்டது.

இவற்றுள் நுட்பமானது சுழல் மின்னோட்டச் சோதனை. காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே உருளும் நாணயத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி, அதன் வேகத்தைக் குறைக்கும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் வெள்ளியும் செம்பும் மிகவும் தயங்கும். ஈயம் அவ்வளவாகத் தயங்காது. வெளியேறும் வேகத்தைப் பொறுத்து நாணயம் விழும் இடம் மாறும். உரிய வேகத்தில் வந்தது ஏற்கும் குழாயில் விழும், மற்றவை திருப்பித் தரும் குழாயில் விழும். கெட்டியான உலோகக் கட்டியில் மோதி எவ்வளவு தூரம் எகிறுகிறது என்பதும் சோதனையாயிற்று. வளைந்துகொடுக்கும் ஈயம் நல்ல நாணயம்போல் எகிறாது.

இந்தச் சோதனைகள் நாணயம் அடிக்கும் அரசுகளின் முடிவுகளையும் பாதித்தன. 1965-இல் அமெரிக்கா தன் 10, 25 சென்ட் நாணயங்களிலிருந்து வெள்ளியை நீக்கியது. செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தை மட்டும் பயன்படுத்தியிருந்தால், வெள்ளிக்கென அமைந்த இயந்திரங்கள் அதை ஏற்றிருக்காது. ஆகவே தூய செம்பை நடுவில் வைத்து, இருபுறமும் செம்பு–நிக்கல் கலவையைப் பொதிந்தார்கள். அந்த அடுக்கின் மின் குணம் வெள்ளிக்கு நெருங்கி வந்ததால், பழைய நாணயத்தையும் புதியதையும் ஒரே இயந்திரம் வாங்கிக்கொண்டது.

செல்லாக்காசு ஒரு நாட்டின் நாணயத்தையே மாற்றவைத்த நிகழ்வு ஜப்பானில் நடந்தது. 1982-இல் அங்கே 500 யென் நாணயம் வெளிவந்தது. 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல், குறுக்களவு 26.5 மில்லிமீட்டர், எடை 7.2 கிராம். அதே ஆண்டு தென்கொரியா வெளியிட்ட 500 வோன் நாணயத்துக்கும் அதே கலவை, அதே குறுக்களவு. எடை மட்டும் 7.7 கிராம். 1990-களின் பிற்பகுதியில் அதன் மதிப்போ ஏறக்குறைய 50 யென்தான்.

அந்த அரை கிராம் வேறுபாட்டை மோசடிக்காரர்கள் நீக்கினார்கள். வோன் நாணயத்தின் முகத்தில் பள்ளம் தோண்டியோ மேற்பரப்பைச் சுரண்டியோ எடையைக் குறைத்தார்கள். கண்ணால் பார்ப்பவர் உடனே கண்டுகொள்ளும் வேலை அது. இயந்திரத்துக்கோ 500 யென்னாகவே பட்டது. பொருள் வாங்கவும் தேவையில்லை. காசைப் போட்டுவிட்டு, திருப்பித் தரும் நெம்புகோலை அழுத்தினால், பல இயந்திரங்கள் உள்ளே ஏற்கெனவே சேர்ந்திருந்த வேறொரு நல்ல 500 யென்னை வெளியே தள்ளின. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் இருந்த நாட்டில், 1990-களின் பிற்பகுதியில் இந்த மோசடி பெருகியது. பல இயந்திரங்கள் 500 யென் நாணயத்தையே வாங்க மறுத்தன. குற்றம் செய்யாத வாடிக்கையாளரும் சில்லறை தேடி அலைய வேண்டியதாயிற்று.

மாற்றம் இரு பக்கமும் நடந்தது. போட்ட காசையே தனியே நிறுத்திவைத்து, கேட்டால் அதையே திருப்பித் தரும்படி இயந்திரங்கள் அமைக்கப்பட்டன. 2000-இல் புதிய 500 யென் வந்தது. குறுக்களவு மாறவில்லை; உலோகம் செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் சேர்ந்த கலவையாக மாறியது, எடை 7 கிராம் ஆயிற்று. மின் குணம் வேறாகிவிட்டதால், சுரண்டிய வோன் எந்த எடையில் வந்தாலும் பயனில்லை. விளிம்பில் சாய்வான வரிகளும், சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் எழுத்தும் சேர்க்கப்பட்டன. 2021 நவம்பரில் இரு நிறமும் பல உலோக அடுக்கும் கொண்ட 7.1 கிராம் நாணயம் வந்தது.

இன்றைய இயந்திரங்களில் கம்பிச்சுருள்கள் நாணயத்தின் உலோகம், தடிமன், அகலம் ஆகியவற்றை நொடிப்பொழுதில் அளந்து, நினைவில் வைத்த எண்களோடு ஒப்பிடுகின்றன. பல குணங்களும் ஒருசேரப் பொருந்த வேண்டியிருப்பதால், ஒன்றை மட்டும் திருத்திய காசு அங்கே செல்லாது. ஆனால் நாணயம் மாறும்போதெல்லாம் அந்த எண்களையும், சில இயந்திரங்களில் சோதனைப் பகுதியையே, மாற்ற வேண்டும். அந்தச் செலவு இயந்திரம் வைத்திருக்கும் சிறு வியாபாரி தலையில் விழுகிறது. 2021-இல் வந்த நாணயத்தை ஏற்காத இயந்திரங்கள் அதன்பின்னும் ஜப்பானில் நெடுநாள் இருந்தன.