சத்தத்தை அடைக்க நுரை ஒட்டினார்கள்: 100 பேர் உயிர் போனது!

சுவருக்குள் வைக்க வேண்டியது எது? ஒட்டக் கூடாதது எது?

இரவு மணி 11. பையனுக்குக் காலையில் பரீட்சை. பக்கத்து வீட்டில் டி.வி. அலறுகிறது.

"கொஞ்சம் குறைச்சு வைக்கக் கூடாதாம்மா?" என்று ஒரு குரல்.

"எங்க வீட்டு டி.வி. நாங்க பாக்குறோம். உங்களுக்கு என்ன?" என்று பதில் குரல்.

அடுக்குமாடி வீடுகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் அன்றாடம் நடக்கும் சண்டை இது. சில சண்டைகள் போலீஸ் நிலையம் வரை போய்விடுகின்றன.

சட்டம் இருக்கிறது. 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். ஆனால் தினமும் ராத்திரி போலீசைக் கூப்பிட முடியுமா? விடிந்தால் அவர் முகத்தில் விழிக்க வேண்டாமா?

அதனால் பலர் தங்கள் வீட்டுச் சுவரிலேயே கை வைக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்!

முட்டை அட்டை வைத்தியம்

மலிவாகக் கிடைக்கும் நுரை ஷீட்டை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டுகிறார்கள். சிலர் தெர்மோகோல் ஒட்டுகிறார்கள். சிலர் முட்டை அடுக்கும் அட்டையை ஆணி அடித்து மாட்டுகிறார்கள். "ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் இப்படித்தானே இருக்கு?" என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு தப்பு. ஸ்டூடியோவில் நுரை ஒட்டுவது அறைக்குள் எதிரொலி வராமல் இருக்க. பக்கத்து வீட்டுச் சத்தத்தை அது தடுக்காது. எடை இல்லாத பொருளை ஊடுருவிச் சத்தம் இந்தப் பக்கம் வந்துவிடும்.

காசு போனால் போகட்டும். உயிரும் போகும் என்பதுதான் கொடுமை.

அமெரிக்காவில் நடந்த பயங்கரம்

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்று ஓர் ஊர். அங்கே 'ஸ்டேஷன்' என்ற இரவு விடுதி இருந்தது. பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். விடுதிக்காரர்கள் மேடையைச் சுற்றி நுரை ஒட்டினார்கள். பெட்டிக்குள் பொருள் உடையாமல் இருக்க வைப்பார்களே, அந்தச் சாதாரண பாலியூரிதேன் நுரை.

2003 பிப்ரவரி 20, இரவு. கச்சேரி தொடங்கியதும் மேடையில் மத்தாப்பு கொளுத்தினார்கள். பொறி நுரையில் பட்டது. அவ்வளவுதான்! சில நிமிடங்களில் விடுதி முழுவதும் தீ, கறுப்புப் புகை. உள்ளே வந்த வாசலுக்கே எல்லோரும் ஓடியதில் நெரிசல். 100 பேர் செத்தார்கள். 200 பேருக்கு மேல் காயம்.

மத்தாப்பு கொளுத்திய மேலாளருக்கும், விடுதி உரிமையாளர் ஒருவருக்கும் 2006-ல் தலா 4 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

அப்படியும் உலகம் பாடம் படிக்கவில்லை. 2013 ஜனவரியில் பிரேசில் நாட்டின் சான்டா மரியா நகரில் 'கிஸ்' என்ற விடுதியில் கூரை நுரை பற்றிக்கொண்டது. 242 பேர் பலி. பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறிச் செத்தவர்கள்.

"நம்ம வீட்டில் மத்தாப்பு ஏது?" என்று கேட்கலாம். ஸ்விட்ச் போர்டு இருக்கிறது. சாமி விளக்கு இருக்கிறது.

சரியான வழி என்ன?

சத்தத்தை அடக்க மூன்று வேண்டும்: எடை, இடைவெளி, இடைவெளிக்குள் பஞ்சு.

தலையணைப் பஞ்சு உதவாது. ராக்வூல் அல்லது கிளாஸ்வூல் வேண்டும். பாறையை உருக்கி இழையாக்கியது ராக்வூல். கண்ணாடி இழை கிளாஸ்வூல். இரண்டும் பற்றி எரியாது.

சத்தம் வரும் சுவரைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி ஜி.ஐ. சட்டம் நிறுத்த வேண்டும். நடுவில் 2 அங்குல ராக்வூல். அதன் மேல் ஜிப்சம் போர்டு, ஒன்றுக்கு இரண்டாக. ஓரமெல்லாம் சீலன்ட் பூச வேண்டும். அறையில் சுமார் 4 அங்குலம் குறையும்.

ஆபீஸ் பார்ட்டிஷன் உள்ளே காலியாக இருந்தால் மத்தளம் மாதிரிதான். அதற்குள் பஞ்சு வைத்தாலே 5 டெசிபல் அளவுக்குக் குறையும். போர்டையும் இரட்டிப்பாக்கி 10 டெசிபல் குறைத்துவிட்டால், காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரியும். பஞ்சை அமுக்கித் திணிக்கக் கூடாது. வேலை செய்கிறவர் கையுறையும் முகமூடியும் போட வேண்டும்; இழை உறுத்தும். சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

ஓட்டையைப் பாருங்கள்!

சுவரில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலும் போதும், எத்தனை செலவு செய்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவுக்குக் கீழே இடுக்கு, ஏ.சி. குழாய் போகும் துளை, இரண்டு பக்கமும் நேருக்கு நேர் பதித்த ஸ்விட்ச் பெட்டி, இவற்றை முதலில் அடையுங்கள். செலவு குறைவு.

மாடியில் இடிக்கும் சத்தத்துக்கு இது மருந்தல்ல. அது கான்கிரீட் வழியாக வருவது. மேல்வீட்டுக்காரர் உரலுக்கும் மிக்சிக்கும் அடியில் ரப்பர் வைத்தால்தான் குறையும்.

நுரை ஒட்டியவர்கள் இன்றே பிய்த்து எறிவது நல்லது. சத்தம் வந்தால் சண்டையோடு போகும். தீ வந்தால்?