தரையை வெட்டுமுன் தரையை அறிவோம்

2009 இல் போர் முடிந்தது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை எமது மக்கள் பகுதி பகுதியாகவே ஊர் திரும்பினர். காணி விடுவிப்புக்காக அதன் பின்னரும் காத்திருந்தோர் பலர். திரும்பியோரில் சிலருக்குச் சுவர்கள் எஞ்சியிருந்தன. ஆனால் உள்ளே இருந்தது அவர்கள் மெழுகிவிட்டுப் போன தரையல்ல. இடைக்காலத்தில் தங்கியவர்கள் மண் தரையின்மேல் சீமெந்து போட்டிருக்கலாம். பதுங்குகுழி வெட்டி, பின்னர் அதை மூடிப் பூசியும் இருக்கலாம்.

இன்று மலசலகூடக் குழாய் பதிக்க அல்லது தூண் நாட்ட அந்தத் தரையை வெட்ட வேண்டியுள்ளது. அலவாங்கை எடுக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். தரை எதனால் ஆனது? எவ்வளவு தடிப்பு? அதன் கீழே என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையெனில் வெட்டத் தொடங்க வேண்டாம்.

முதலில் விசாரியுங்கள்

நீங்கள் இல்லாத காலத்தில் வீட்டில் யார் இருந்தனர், எந்த அறையில் குழி இருந்தது என்று அயலவரிடம் கேளுங்கள். வளவில் கண்ணிவெடி அகற்றப்பட்டிருந்தால், வீட்டின் உள்ளேயும் பார்க்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலர் ஊடாக அறியுங்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆயினும் வன்னியில் அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.

இனங்காணும் முறை

தரையின் ஓரமே அதன் கதையைச் சொல்லும். வாசற்படி, விறாந்தை விளிம்பு, உடைந்த மூலை ஆகிய இடங்களில் பக்கவாட்டாகப் பார்த்தால் அடுக்குகளும் தடிப்பும் தெரியும். ஓரம் தெரியாவிட்டால் ஆணியால் கீறிப் பாருங்கள்.

மண் தரை உதிரும். நீர் ஊற்றினால் இளகும். பழைய கல்வீடுகளின் சுண்ணாம்புத் தரை வெண்மையான தூளாக வரும். சீமெந்து சாம்பல் நிறக் கீறலை மட்டுமே காட்டும். ரைல்ஸில் நீர் ஊறாது. தேசிக்காய்ப் புளி விட்டால் சுண்ணாம்பும் நுரைக்கும், சீமெந்தும் நுரைக்கும். ஆகவே அதைக்கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது.

சிவப்புத் தரையில் பலர் ஏமாறுவர். சிறு துண்டைப் பெயர்த்துப் பாருங்கள். மேற்பூச்சு மட்டும் சிவப்பு எனில் அது காவி கலந்த சீமெந்து. உள்ளேயும் சிவப்பு எனில் செங்கல்.

அடுத்து, நாணயம் ஒன்றால் மெதுவாகத் தட்டியபடி நகருங்கள். ஓரிடத்தில் மட்டும் பொள்ளலான சத்தம் வந்தால், பூச்சுக் கழன்றிருக்கலாம் அல்லது கீழே வெற்றிடம் இருக்கலாம்.

வெட்டும் முறை

மண் தரையை முதல்நாள் மாலை நனைத்துவிட்டு மண்வெட்டியால் வெட்டலாம். சுண்ணாம்புக்குச் சிறிய உளி போதும். சீமெந்துத் தரையில் இரு கோடுகள் வரைந்து, அக்கோடுகளை அரை அங்குல ஆழத்துக்கு உளியால் அல்லது கிறைண்டரால் வெட்டிய பின்னரே நடுப்பகுதியை உடைக்க வேண்டும். இல்லையெனில் வெடிப்பு அறை முழுவதும் ஓடும். ஒரேயடியாகத் தோண்டாது, ஓர் அடுக்கை எடுத்து, கீழே பார்த்து, அதன் பின் அடுத்த அடுக்குக்குச் செல்லுங்கள்.

சீமெந்துத் தரையின் தூசியில் மணலின் மிக நுண்ணிய துகள்கள் உண்டு. அவை நுரையீரலில் தங்கினால் வரும் நோயைக் குணப்படுத்த முடியாது. முகத்தில் கட்டும் துணி அவற்றை முழுமையாகத் தடுப்பதில்லை. எனவே தரையை நனைத்து உளியால் வெட்டுவதே நல்லது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். ஓடும் சாதாரண கிறைண்டரில் நீர் ஊற்றினால் மின்சாரம் தாக்கும். றிப் சுவிச் இல்லாத வீட்டில் அதைப் பாவிக்க வேண்டாம்.

நிரப்பிய இடிபாடுகளுள் கூரையின் அஸ்பெஸ்ரஸ் துண்டுகள் இருந்தால் அவற்றை உடைக்கவோ அரியவோ கூடாது. நனைத்து, முழுதாக எடுத்து, பையிலிட்டுக் கட்டுங்கள். அதன் நார் புற்றுநோயைத் தருவது.

உடனே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்

சாதாரண வீட்டுத் தரைக்குக் கம்பி தேவையில்லை. கம்பி தெரிந்தால், அந்தக் கொங்கிறீற் ஏதோ ஒரு குழியின்மேல் பாலம்போல் நிற்கிறது என்று கருதுங்கள். அது மலக்குழியாகவோ பதுங்குகுழியாகவோ இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் இளகிய மண், மணல் மூடை, பச்சை நிறப் பெட்டி, வயர், துருப்பிடித்த உருளை ஆகியவை தென்பட்டாலும் நிறுத்துங்கள். தொடவோ, இழுக்கவோ, நீர் ஊற்றவோ வேண்டாம். வந்த வழியே வெளியேறி, வாசலை மறித்து, கிராம அலுவலருக்கும் 119 இல் பொலிசாருக்கும் அறிவியுங்கள். பழைய இரும்புக்கு விலை உண்டென்று எவரும் அதைக் கிண்ட இடமளியாதீர்கள்.

நாட்கூலிக்கு வரும் மேசனுக்கு உங்கள் வீட்டின் வரலாறு தெரியாது. வேலையை விரைவாக முடிப்பதே அவர் எண்ணமாக இருக்கும். அவர் கையில் உளியைக் கொடுக்குமுன் நீங்கள் விசாரித்ததையும் கண்டதையும் சொல்லுங்கள். தனித்து வீட்டைப் பொறுப்பேற்றிருக்கும் தாய்மார் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். பாறைமேல் கட்டிய வீட்டின் உவமையை நாம் கோவிலில் அடிக்கடி கேட்கிறோம். தன் வீட்டின் கீழே என்ன இருக்கிறது என்பதை அறிந்தவனின் வீடே நிலைத்தது என்பதும் அதிலுள்ள பாடமே.