கடப்பாக் கல்லில் வெள்ளை பூத்தால்: ஆசிட் பாட்டிலை எடுப்பதற்கு முன்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசற்படிக்கும் கேட்டுக்கும் நடுவே 180 சதுர அடி இடம். பழைய சிமெண்ட் தரை வெடித்துப்போய், மழை வந்தால் பாசி பிடித்து, போன வருஷம் அம்மா வழுக்கி விழப் பார்த்தார். அதனால் ஆகஸ்டில் கல் பதித்தோம். தரைக்கு பாலிஷ் போடாத கடப்பா. இரண்டு படிகளுக்கு மட்டும், தாத்தாவின் பல்லாவரம் வீட்டை இடித்தபோது எடுத்து வைத்திருந்த பழைய கருங்கல். செப்டம்பர் முழுக்கக் கருகருவென்று பார்க்கவே நன்றாக இருந்தது. அக்டோபரில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வெயில் வந்ததும் பார்த்தால், யாரோ சுண்ணாம்புக் கையைத் தரை முழுக்கத் துடைத்துவிட்டுப் போன மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். கல்லும் கல்லும் சேருகிற இடங்களில் இன்னும் அதிகம். படிகளின் ஓரத்திலும் கொஞ்சம்.

முதல் சந்தேகம் அம்மாவின் கோலமாவு மேல் விழுந்தது. "நான் கோலம் போடறது கேட்டுக்கு வெளியிலடா" என்றதும் அந்தக் கேஸ் தள்ளுபடி.

கல் வாங்கிய கடையில் கேட்டேன். "ஆசிட் அடிச்சா போயிடும் சார்." மேஸ்திரியும் அதையே சொன்னார். பாத்ரூம் கழுவுகிற ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பாட்டிலோடு வந்தார். முதலில் படியில் ஊற்றித் தேய்த்தார். வெள்ளை போய் கருங்கல் பளிச்சென்று ஆனது. சந்தோஷமாக இறங்கி வந்து கடப்பாவில், மதில் ஓர மூலையில் ஊற்றினார். சோடா மாதிரிப் பொங்கியது. "பாத்தீங்களா சார், அழுக்கு எப்படி நுரைச்சுக்கிட்டு வருதுன்னு."

நுரைத்தது அழுக்கு இல்லை. கல். அது எனக்கு அப்போது தெரியாது. ஏதோ உறுத்தியதால் இரண்டு கல்லோடு நிறுத்தச் சொன்னேன். காய்ந்த பிறகு அந்த இரண்டும் சாம்பல் நிறத்தில், உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பாக இருந்தன. மட்டமான கல்லைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்து, மேஸ்திரிக்குத் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்தை நிறுத்தி வைத்தேன். அப்புறம் மூணு வாரம் உட்கார்ந்து படித்தேன். ஆபீஸில் சர்வர் மக்கர் பண்ணினால் ரீஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் லாகைப் பார் என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிற ஆள் நான். சொந்த வீட்டுத் தரையில் அதைச் செய்யவில்லை.

அடிப்படைத் தவறு, இரண்டு கல்லும் கறுப்பாக இருப்பதால் இரண்டும் ஒரே ஜாதி என்று நினைத்தது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்குப் புவியியலில் ஒரு தனிப்பெயர் உண்டு: சார்னோக்கைட். கல்கத்தாவோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறை அங்கே புனித ஜான் தேவாலயத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைப் பலகையின் பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893இல் அவர் பேரையே அந்தப் பாறைக்கு வைத்தார். பலகை போனது நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்து. தினமும் புறநகர் ரயிலில் கடந்து போகிற மலையின் பாறைக்குக் கல்கத்தாக்காரர் பெயர்! (பரங்கிமலைப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது.) அது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மாதிரியான சிலிக்கேட் கனிமங்களால் ஆனது. பாத்ரூம் ஆசிட் அதைச் சட்டென்று கரைக்காது.

கடப்பா அப்படி இல்லை. ஆந்திராவில் கடப்பா, கர்நூல் பக்கம் வெட்டப்படும் அது சுண்ணாம்புக் கல், பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கோட்டா, தாண்டூர், ஷாபாத் கற்களும் இதே குடும்பம்தான். பளிங்கும் இதற்குச் சொந்தம். அமிலம் பட்டால் கார்பனேட் கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மேஸ்திரி காட்டிய நுரை அதுதான்.

சரி, மேலே பூத்த வெள்ளை எது? சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. வெற்றிலைக்குத் தடவுகிற அதே நீற்றுச் சுண்ணாம்பு. அது தண்ணீரில் கொஞ்சமாகக் கரையும், லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம். கல்லுக்கு அடியில் இருக்கும் சிமெண்ட் கலவை மழையில் ஊறினால், இந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் இணைப்பு வழியாகவும் கல்லின் நுண்துளைகள் வழியாகவும் மேலே ஏறும். வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும். தங்கிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக இறுகும். பொங்கலுக்குச் சுவரில் வெள்ளையடித்தால் முதல் நாள் கையில் ஒட்டுகிற சுண்ணாம்பு நாளாக நாளாகக் கெட்டிப்படுகிறதே, அதே வேதியியல்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கறை கால்சியம் கார்பனேட். கடப்பாவும் கால்சியம் கார்பனேட். கறையைக் கரைத்து கல்லை விட்டுவிடுகிற அமிலம் எதுவும் கிடையாது. எலுமிச்சை, வினிகர், புளி எல்லாம் மெதுவாகச் செய்யும், அவ்வளவுதான் வித்தியாசம். கருங்கல் படியில் ஜெயித்த மருந்து, ரெண்டடி தள்ளி விஷமானது இதனால்தான். கருங்கல்லிலும் ஆசிட் முழு நிரபராதி இல்லை: இணைப்புச் சிமெண்டை அரிக்கும், கல்லுக்குள் இருக்கும் இரும்பைக் கிளப்பி மஞ்சள் பூக்க வைக்கும்.

வீட்டிலேயே நான் செய்து பார்த்த சோதனைகளைச் சொல்கிறேன். எந்தக் கல் என்று தெரிய, மீந்த துண்டு ஒன்றைக் கீறி, கீறலில் ஒரு சொட்டு வினிகர். குட்டிக் குமிழ்கள் வந்தால் சுண்ணாம்புக் கல். (பதித்த தரையில் செய்யாதீர்கள், துண்டில் மட்டும்.) அடுத்து, வெள்ளையைச் சுரண்டி ஒரு சிட்டிகையை ஆர்.ஓ. தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். முழுக்கக் கரைந்தால் அது வெறும் உப்பு. கரையாமல் அடியில் தங்கி, வினிகர் விட்டால் நுரைத்தால் கார்பனேட். எனக்குப் பாதி கரைந்தது, பாதி தங்கியது. அதாவது இரண்டும் இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை ஆரத்தித் தட்டிலிருந்து வந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் இல்லையா? காரத்தன்மைக்கு மஞ்சள் காட்டுகிற நிறம் அது. மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியை, மழை விட்ட மறுநாள் ஈரமாக இருந்த இணைப்பில் கசிந்த நீரில் ஒற்றினேன். சிவந்தது. மழைநீர் மட்டும் என்றால் சிவக்காது. அடியிலிருக்கும் சிமெண்டைத் தொட்டுவிட்டு வந்த நீர். துணியைக் கல் மேல் போட்டுத் தேய்க்காதீர்கள், புதுசாக ஒரு மஞ்சள் கறை சேரும். சேர்ந்தாலும் பதற வேண்டாம், மஞ்சளின் நிறமி வெயிலில் வெளுத்துவிடும்.

கடைசியாக, காய்ந்த தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். காலையில் தாளின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். அடியில் ஈரம் இன்னும் போகவில்லை.

உப்பு எங்கிருந்து வந்தது? கலவை குழைக்க நாங்கள் கொடுத்தது எங்கள் போர் தண்ணீர். குடித்தால் கரிக்கும். கட்டுமானத் தண்ணீருக்கு வரம்பு சொல்லும் ஐ.எஸ். 456 என்ற 2000ஆம் ஆண்டு இந்தியத் தரநிலை, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. கம்பி உள்ளதற்கு 500. அதன் கவலை கான்கிரீட்டின் பலம், கம்பியின் துரு. மேலே பதிக்கிற கல்லில் வெள்ளை பூக்குமா என்பது அதன் கவலை இல்லை. அதனால் தண்ணீர் விதிப்படி சரியாக இருந்தாலும் கல் பூக்கலாம்.

உப்பை எடுப்பதில் நம் பக்கத்திலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் காலத்தில் கட்டியது. கடல்காற்றின் உப்பு கல்லுக்குள் இறங்கி, காயும்போது படிகமாகிக் கல்லை உதிர்க்கிறது. தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு அதற்குச் செய்வது, காகிதக் கூழை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கல்லின் மேல் அப்புவது. கூழின் ஈரம் உள்ளே போய் உப்பைக் கரைக்கும். கூழ் காயும்போது அந்தக் கரைசலை வெளியே இழுக்கும். உப்பு கல்லில் தங்காமல் கூழில் தங்கும். உரித்து எறிந்துவிட்டு மறுபடி அப்புவார்கள். வீக்கத்துக்குப் பாட்டி பற்று போடுவாரே, அதே பற்று. இந்தப் பக்கம் மணலைப் பீய்ச்சியடித்துக் கோயில் சுவர்களைச் 'சுத்தம்' செய்து, கல்வெட்டு எழுத்துகளையே மழுக்கிய கதைகளும் நமக்கு உண்டு. என் மூலைக் கல் இரண்டும் அந்த ரகம்.

நான் செய்தது இதுதான். தரை நன்றாகக் காய்ந்த நாளில், தண்ணீர் தொடாமல், நைலான் பிரஷால் தேய்த்துப் பொடியைக் கூட்டி முறத்தில் அள்ளினேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பாதி உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போகும். பிறகு பழைய செய்தித்தாளை ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்து அரைத்து அப்பினேன். (அச்சு மை ஒட்டும் என்று பயந்து முதல் தடவை டிஷ்யூ தாளில் செய்தேன், கறுப்புக் கல்லில் இரண்டும் ஒன்றுதான்.) நாலு சுற்று. கெட்டியாகப் படிந்த கார்பனேட்டுக்கு மட்டும் தண்ணீர் தொட்டு மெல்லிய உப்புத்தாள். மழை முடிந்த பிறகு, ஜனவரியில், பூப்பது தானாகவே நின்றது. சுண்ணாம்பு வெளியேறும் வேகம் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மழைக்காலத்தோடு குறைந்துவிடும். ஆகஸ்டில் பதித்துவிட்டு உடனே வடகிழக்குப் பருவமழையைச் சந்திக்க வைத்தது என் திட்டமிடல். பிப்ரவரியில் பதித்திருந்தால் அடிக்கலவை கோடை முழுக்கக் காய்ந்திருக்கும். கடைக்காரர் விற்கப் பார்த்த சீலரையும் அடி ஈரம் போகும்வரை தொடக் கூடாது. வழியை அடைத்தால் உப்பு மேற்பரப்புக்குக் கீழே படிகமாகி, கல்லைச் செதிள் செதிளாகக் கிளப்பும்.

எல்லாக் கறையும் அடியிலிருந்து வருவதில்லை. என் தரையில் கேட் ஓரம் பொடிப்பொடியாகத் துருப் புள்ளிகளும் இருந்தன. கல்லில் இரும்பு என்று நினைத்தேன். அம்மாவின் ஃப்ரிட்ஜ் காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தடவினால் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. கல் பதித்த மறுவாரம் கேட்டுக்கு வெல்டிங் நடந்தது, தீப்பொறி எல்லாம் புதுத் தரையில்! ஒரு பழைய சாக்கு விரித்திருந்தால் போதும். பக்கத்து வீட்டு நாட்டுவாதாம் இலை ஊறிக் கிடந்த இடத்தில் மட்டும் நீலக் கறுப்புத் தடம். இலையின் துவர்ப்பும் துருவும் சேர்ந்தால் மை. கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கலம்காரிக்காரர்கள் கறுப்பு எடுப்பதும் இப்படித்தான். கடப்பாவில் அது அதிகம் தெரியவில்லை, விட்டுவிட்டேன். வெளிர் நிறக் கல் போட்டிருந்தால் அழுதிருப்பேன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டு ஆறாயிரத்தைக் கொடுத்தேன். கல் மேல் தப்பு இல்லை; போர் தண்ணீர் நான் கொடுத்தது, மாதம் நான் குறித்தது. ஆசிட் மட்டும் அவருடையது, அதற்கும் தலையாட்டியது நான். மீந்த துண்டில் வினிகர் விட்டுக் காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இருபது வருஷமா அழுக்குன்னே நெனச்சிட்டிருந்தேன் சார்" என்றார். இரண்டு வாரம் கழித்து செம்பாக்கத்திலிருந்து போன் செய்து, அங்கே தரை கோட்டா, படி கிரானைட், எதில் ஆசிட் அடிக்கலாம் என்று கேட்டார். எதிலேயும் வேண்டாம், முதலில் பிரஷ் போடுங்க என்றேன்.

வெந்துபோன இரண்டு கல்லுக்கும் மெஷின் வைத்து மறுபடி தேய்த்தால்தான் நிறம் வரும். இப்போதைக்கு அம்மா அதன் மேல் துளசித் தொட்டியை வைத்திருக்கிறார்.