கிணற்றுக்குப் பக்கத்தில் மலக்குழி

2025 ஜனவரியில், புனேயின் சிங்ஹகட் சாலைப் பகுதியிலிருந்து ஒரே மாதிரியான நோயாளிகள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் சில நாள் வயிற்றுப்போக்கு. அது நின்ற பிறகு கால் மரத்துப்போகும், படியேற முடியாது. சிலருக்கு மூச்சே தடைப்பட்டு வென்டிலேட்டர் வரை போனது. கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜி.பி.எஸ். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரக்கூடிய இந்த நோய், புனே வட்டாரத்தில் சில வாரங்களுக்குள் சுமார் இருநூறு பேரைத் தாக்கியது. உயிரிழப்புகளும் நேர்ந்தன.

எல்லோரும் நரம்பு நோய் என்று பேசினார்கள். ஆனால் புனேயிலேயே உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் நோயாளிகளின் மலத்தைச் சோதித்தபோது, சிலரிடம் கேம்பிலோபாக்டர் பாக்டீரியாவும் சிலரிடம் நோரோ வைரஸும் இருந்தன. கேம்பிலோபாக்டர் அரைவேக்காட்டுக் கோழி இறைச்சியிலிருந்தும் வரும். ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு: மலம் கலந்த தண்ணீர். ஆகவே இது நரம்பைப் பற்றிய கதை மட்டுமல்ல, நம் வீட்டுக் கழிவறையைப் பற்றியதும்தான்.

குடலில் நுழைந்தது நரம்புக்கு எப்படிப் போகிறது?

கிருமி நரம்புக்குப் போவதில்லை. கேம்பிலோபாக்டரின் மேலுறையில் உள்ள சில சர்க்கரை மூலக்கூறுகள் நம் நரம்பின் மேலுறையில் இருப்பவற்றைப் போலவே இருக்கும். கிருமியை அழிக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள், ஆள் மாறி நரம்பையும் தாக்குகின்றன. அதனால்தான் வயிற்றுப்போக்கு வந்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் காலில் ஊசி குத்துவதுபோல் தொடங்கி, பலவீனம் மேலே ஏறுகிறது.

இரண்டு காலிலும் ஒரேபோல் பலவீனம், விழுங்குவதில் சிரமம், முகம் தளர்தல் என்று கண்டால் அன்றைக்கே தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். இம்யூனோகுளோபுலின் ஊசியோ பிளாஸ்மா மாற்றமோ சீக்கிரம் கிடைத்தால் பெரும்பாலோர் எழுந்து நடக்கிறார்கள். ஜி.பி.எஸ். தொற்றுநோய் அல்ல, நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள யாரும் அஞ்ச வேண்டாம்.

ஊர் சேர்ந்தது, சாக்கடை சேரவில்லை

நோயாளிகள் அதிகம் இருந்த நாந்தேட், கிர்கட்வாடி, கடக்வாஸ்லா ஆகியவை, 2021இல் புனே மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட 23 கிராமங்களில் உள்ளவை. கடக்வாஸ்லா அணையின் தண்ணீர் நாந்தேடில் உள்ள பெரிய கிணற்றுக்கு வந்து, அங்கிருந்து ஊர்களுக்குப் போனது. அப்போது அங்கே சுத்திகரிப்பு நிலையம் இல்லை. குளோரின் மட்டுமே காவல். மக்கள் நம்பி வாங்கிய தனியார் ஆர்.ஓ. கடைகளின் தண்ணீரிலும் கிருமி இருந்ததால் பலவற்றை மாநகராட்சி மூடியது.

இந்த ஊர்களில் வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. பாதாள சாக்கடையோ எல்லா இடத்துக்கும் வந்து சேரவில்லை. நாலு பேருக்கென்று வெட்டிய குழியின் மேல் இன்று நாற்பது பேர் குடியிருக்கும்போது அந்தக் கழிவு எங்கே போகும்?

பாறை வடிகட்டாது

செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்துவிடுகிறது என்பது பலரின் எண்ணம். கனமானதை அடியில் தங்கவிட்டு, கொஞ்சம் செரிக்கவிடுவதே அதன் வேலை. வெளியேறும் நீரில் கிருமிகள் ஏராளமாக இருக்கும். மீதிச் சுத்தத்தை மண்தான் செய்கிறது. புனேயில் பல இடங்களில் கையளவு மண்ணுக்குக் கீழே கரும்பாறை. பாறையின் வெடிப்பு வழியே ஓடும் நீர், வடிகட்டப்படாமலே அடுத்த வீட்டு ஆழ்துளைக் கிணற்றை அடைந்துவிடலாம்.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே கிணற்றுநீர். அதே வெடிப்புகளில் மலசலகூடக் குழியின் கசிவும் வயலின் உரமும் இறங்கி நைட்ரேட்டைக் கூட்டுகின்றன. லட்சத்தீவில் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீருக்கும் இதே ஆபத்துதான். தீவானாலும் மேட்டுநிலமானாலும், நீர் தேங்கும் இடத்துக்கும் மலம் தேங்கும் இடத்துக்கும் நடுவே நல்ல மண் இல்லையென்றால் கசியும் பழைய குழிக்கு அங்கே இடமே கிடையாது.

பழையதை மாற்றுவது

அடியில் சிமென்ட் போடாமல் கல்லோ உறையோ அடுக்கிய குழி உங்கள் வீட்டில் இருந்தால் அது செப்டிக் டேங்க் அல்ல. தெருவில் பாதாள சாக்கடை இருந்தால் இணைப்பு வாங்கி, குழியை உறிஞ்சி எடுத்து நிரப்பி மூடிவிடுவதே நல்லது. இல்லாவிட்டால் நீர் கசியாத, இரண்டு மூன்று அறைகள் கொண்ட தொட்டி கட்ட வேண்டும். அதன் நீர் இறங்கும் உறிஞ்சு குழி, கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. பாறை நிலத்தில் அதுவும் போதாது. கூழாங்கல்லும் நாணலும் இட்ட வடிகட்டிப் படுகையோ, பல வீடுகள் சேர்ந்து அமைக்கும் சிறு சுத்திகரிப்பு நிலையமோ தேவை. செலவு அதிகம்தான். ஒருவர் ஒரு வாரம் வென்டிலேட்டரில் இருந்தால் ஆகும் செலவை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காலிசெய்ய வேண்டும். கசடு நிறைந்த தொட்டியில் கழிவு தங்க நேரமில்லாமல் அப்படியே வெளியேறும். லாரியின் குழாய்தான் உள்ளே இறங்க வேண்டும், மனிதர் கூடாது. உள்ளே திரளும் வாயு சில நொடிகளில் உயிரைக் குடித்துவிடும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

அதுவரை சமையலறையில்

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற வைத்துக் குடிப்பது இந்தக் கிருமிகளுக்கு எதிரான உறுதியான வழி. டேங்கர் தண்ணீர் வாங்கும் குடியிருப்பு சொசைட்டிகள், குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான சோதனைப் பெட்டி விலை மலிவு. தரைமட்டத் தொட்டிக்கு அருகில் கழிவுக் குழாய் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். மழைக்காலத்தில் கசிவு அங்கேதான் கலக்கிறது.

வாய் நகரம் செய்தது

புனேயிலிருந்து சாத்தாரா பக்கம் போனால் கிருஷ்ணா கரையில் வாய் என்ற சிறு நகரம். 2018 முதல் அங்கே நகராட்சியே முறை வைத்து, வீடு வீடாக செப்டிக் டேங்குகளைக் காலிசெய்து, கசடைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறது. நிரம்பி வழியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. புனேயில் புதிதாகச் சேர்ந்த ஊர்களுக்கு, சாக்கடைக் குழாய் வந்து சேரும்வரை இந்த ஏற்பாட்டையாவது மாநகராட்சியிடம் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நம் தொட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது காலிசெய்தோம், அந்த லாரி கசடை எங்கே கொட்டியது?