கணனி பொருத்தப் போகிறீர்களா? வெளிச்சத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வீதியால் போனால் மாங்கேணி தாண்டிப் பனிச்சங்கேணிப் பாலம் வரும். பாலத்தின் இரு பக்கமும் களப்பு. நண்டும் இறாலும்தான் அங்குள்ளவர்களின் சீவியம். அந்த ஊர் மீனவர் ஒருவர் பல வருடங்களாக ஓட்டமாவடியிலுள்ள எனது மின்சாரப் பொருள் கடையின் வாடிக்கையாளர். 2025 நடுப்பகுதியில் ஒரு நாள் தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் கலியாணம், கோயில் திருவிழா என்று வீடியோ எடுக்கும் பையன். கையில் கொழும்புக் கடையொன்றின் விலைப்பட்டியல் இருந்தது.

"காக்கா, இவன் கம்பியூட்டர் ஒன்று பொருத்த வேணுமாம். சீட்டு எடுத்த காசும் நண்டு வித்த காசுமாக நாலு இலட்சம் இருக்கு. இந்தத் துண்டைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

நான் சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தியவன். கணனி வகுப்புக்குப் போனதில்லை. ஆனால் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தவன். 2019 இல் என் மகனுக்கு வீடியோ எடிட்டிங் செய்யவும் கேம் விளையாடவும் ஒரு கணனி பொருத்திக் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வானவில் போல் மின்னும் விசிறிகள், பெரிய கிராபிக்ஸ் கார்ட். பவர் சப்ளை மட்டும் கேசிங்கோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத ஒன்று. இரண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் இரவு 'டப்' என்ற சத்தம். பவர் சப்ளை போனது மட்டுமல்ல, ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. அதில் இரண்டு கலியாணங்களின் காட்சிகள் இருந்தன. வேறு பிரதி இல்லை. முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், கொடுத்தோம். ஆனால் பெண் வீட்டாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே பையனின் பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பழைய கதைதான் ஞாபகம் வந்தது. இன்டெல் ஐ5-12400எப் புரொசசர், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், 16 ஜிபி ரேம் ஒரே துண்டாக, 512 ஜிபி எஸ்எஸ்டி, '700 வாட்' என்று மட்டும் எழுதிய பவர் சப்ளை, வெளிச்ச விசிறி ஆறு. கேம் விளையாடும் பிள்ளைக்கு இது பரவாயில்லை. தொழிலுக்குச் சரிவராது.

நான் அவனிடம் முதலில் கேட்டது கணனியைப் பற்றி அல்ல. "மகன், என்ன கெமராவில எடுக்கிறாய்?" என்று கேட்டேன். சோனி ஏ7 மார்க் 4, கூலிக்கு எடுப்பதாகச் சொன்னான். 2021 இல் வெளியான கெமரா அது. இங்கேதான் விடயம் இருக்கிறது. இந்த வகைக் கெமராக்கள் 10 பிட், 4:2:2 என்ற முறையில் நிறத்தை நுணுக்கமாகப் பதிவு செய்கின்றன. படம் அழகாக வரும், ஆனால் அந்தக் கோப்பைப் பிரித்துத் திரையில் ஓட்டுவது கணனிக்குப் பெரும் பாரம். கோப்பைப் பிரிப்பதற்கென்றே தனி உறுப்பு சில்லுக்குள் இருந்தால் வேலை இலகு. இல்லாவிட்டால் புரொசசர் முழு மூச்சாக உழைத்தும் காட்சி தடக்குத் தடக்கென்று நிற்கும்.

இன்டெல் புரொசசரில் அந்த உறுப்பு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியோடு சேர்ந்தது. 'குயிக் சிங்க்' என்பார்கள். 11ஆம் தலைமுறையிலிருந்து எச்.265 முறையில் பதிந்த 4:2:2 கோப்பையும் அது பிரிக்கும். ஆனால் பெயரின் கடைசியில் 'எப்' எழுத்து இருந்தால் அந்தக் கிராபிக்ஸ் பகுதி இல்லை என்று பொருள். கடைக்காரர் "கார்ட்தான் தனியாக இருக்கிறதே, எப் போதும், சில ஆயிரம் மிச்சம்" என்பார். கேமுக்கு அது உண்மை. எடிட்டிங் செய்பவர் அந்தச் சில ஆயிரத்தை ஒவ்வொரு கலியாணத்திலும் நேரமாகக் கட்ட வேண்டும். என்விடியாவின் கார்ட்களில் 4:2:2 பிரிக்கும் வசதி 2025 இல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது. அதற்கு முந்திய 30, 40 வரிசைகளில் இல்லை.

அதனால் எப் இல்லாத 12500 போடச் சொன்னேன். 12400 இல் ஒரு பிரிப்பு உறுப்பு, 12500 இல் இரண்டு. கார்ட் பூட்டிய பின் பயோஸுக்குள் போய் உள் கிராபிக்ஸை இயக்கி வைக்க வேண்டும் என்பதையும் துண்டில் எழுதிக் கொடுத்தேன். பலர் இதைச் செய்யாமல் 'பிரயோசனம் இல்லை' என்கிறார்கள். கெமராவிலும் எச்.264 ஐ விட்டு எச்.265 இல் பதியச் சொன்னேன். ஏனெனில் எச்.264 இல் பதிந்த 4:2:2 ஐ குயிக் சிங்க் பிரிக்காது.

இனி கார்ட். 'பெரிய நம்பர் நல்லது' என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எடிட்டிங்கில் நம்பரை விடக் கார்ட்டின் சொந்த ஞாபகக் கொள்ளளவைப் பார்க்க வேண்டும். டாவின்சி ரிசோல்வ் மென்பொருள் பெரும்பாலும் கார்ட்டை நம்பியே வேலை செய்கிறது. 4கே காட்சியில் நிறத் திருத்தமும் இரைச்சல் நீக்கமும் சேர்ந்தால் 8 ஜிபி நிரம்பி வேலை இடையில் நின்றுவிடும். ஆகவே 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 ஐத் தேர்ந்தோம். கேமில் பட்டியலிலிருந்த கார்ட்டை விடக் கொஞ்சம் பின்தங்கும். சாதாரண 1080 திரையில் கவுண்டர் ஸ்ட்ரைக், வாலரன்ட் விளையாட அது போதும். ஆனால் கவனியுங்கள்: அதே 3060 என்ற பெயரில் 2022 கடைசியில் 8 ஜிபி கார்ட் ஒன்றும் வந்தது. ஞாபகம் மட்டுமல்ல, வேகமும் குறைவு. பெட்டியில் 12 என்று இருக்கிறதா என வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பாவித்த கார்ட் வாங்குவோர் ஒன்றை அறிய வேண்டும். 2021 இல் டிஜிட்டல் நாணயம் தோண்டுபவர்கள் உலகெங்கும் கார்ட்களை வாங்கிக் குவித்ததால் விலை கண்டபடி ஏறியது. 2022 செப்டெம்பர் 15 இல் எதீரியம் நாணயம் அந்த முறையைக் கைவிட்டது. இரவு பகலாக உழைத்த கார்ட்கள் சந்தைக்கு வந்தன. விசிறி, வெப்பப் பசை மாற்றினால் பல நன்றாகவே ஓடும், ஆனால் உத்தரவாதம் இல்லாமல் வாங்காதீர்கள். பாவித்த இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 புரொசசர்களிலும் கவனம் தேவை. அவற்றில் சில காலப்போக்கில் பழுதடைவதை 2024 இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஓகஸ்ட்டில் திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீடித்தது. அந்தத் திருத்தம் போடாமல் ஓடிய சில்லை யார் தலையிலாவது கட்டப் பார்ப்பார்கள்.

ரேம் 16 ஜிபி துண்டு இரண்டு, மொத்தம் 32. ஒரே துண்டாகப் போட்டால் பாதைகள் இரண்டில் ஒன்று சும்மா கிடக்கும். நல்ல வேளை, பையன் அப்போதே வாங்கினான். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுக் கணனி நிலையங்களுக்கு உற்பத்தி திரும்பியதால் ரேம் விலை உலகெங்கும் துள்ளியது. மைக்ரோன் நிறுவனம் குரூஷியல் பெயரில் பாவனையாளருக்கு விற்பதை 2026 பெப்ரவரியுடன் நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. 2022 இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாவிலிருந்து 350 ஐத் தாண்டியபோது பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. 2024 ஜனவரி முதல் 18 வீத வற் வரி வேறு. விலைப்பட்டியல் எத்தனை நாளைக்குச் செல்லும் என்று கேட்டு, எழுத்தில் வாங்குவதுதான் கெட்டித்தனம்.

சேமிப்பு விடயத்தில் பையனை ஒரு கணக்குப் போட வைத்தேன். கெமரா வினாடிக்கு 100 மெகாபிட் எழுதினால் மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. இரண்டு கெமரா, மும்மூன்று மணித்தியாலம் என்றால் ஒரு கலியாணம் 270 ஜிபி. 512 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸும் மென்பொருளும் போக ஒரு கலியாணமே இறுகி உட்காரும். இரண்டாவது நாள் எங்கே வைப்பாய் என்றேன். பையன் பேசவில்லை. எனவே விண்டோஸுக்கு அந்த 512, ஓடும் வேலைக்கு 1 டிபி என்விஎம்இ, முடிந்த வேலைக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க். அத்தோடு வெளியே கழற்றி வைக்கும் டிஸ்க் ஒன்று. வாடிக்கையாளர் வீடியோவைப் பெற்றுக் கையெழுத்து வைக்கும் வரை இரண்டு இடத்தில் பிரதி இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். இதற்குப் பணம் ஆறு விசிறிகளிலிருந்தும் கார்ட்டிலிருந்தும் வந்தது.

பவர் சப்ளையில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. '700 வாட்' என்ற ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம். பெயருள்ள கம்பனி, 80 பிளஸ் பிரான்ஸ் சான்று, 650 வாட். இந்தக் கார்ட் எடுப்பது சுமார் 170 வாட். மொத்த இயந்திரமும் பாரமான வேலையில் 350 வாட்டைத் தாண்டாது. ஆகவே 650 தாராளம்.

யூபிஎஸ் பற்றி நம் வியாபாரிகளே தவறு விடுகிறோம். 650 விஏ என்றால் 650 வாட் அல்ல, பெரும்பாலும் 360 வாட் அளவுதான். வீடியோ ஏற்றுமதி ஓடும்போது மின்சாரம் போனால் அது ஒரு கத்துக் கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 விஏக்குக் குறையாமல் எடுங்கள். அது வேலை செய்வதற்கல்ல, சேமித்துவிட்டு ஒழுங்காக அணைப்பதற்கு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாமெல்லாம் அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததற்கு நாடே இருண்டது. குரங்குக்கு யூபிஎஸ் தெரியாது, நமக்குத் தெரிய வேண்டும்.

கேம் நிலையம் நடத்த நினைக்கும் சகோதரர்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. உங்களுக்கு எப் புரொசசர் போதும், சேமிப்பு குறைவாக இருக்கலாம், 144 ஹேர்ட்ஸ் திரைக்குச் செலவழியுங்கள். ஆனால் பழைய இயந்திரங்களை மொத்தமாக எடுப்பவர்கள் விண்டோஸ் 10 இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததை நினைவில் வையுங்கள். விண்டோஸ் 11 க்கு இன்டெல் 8ஆம் தலைமுறையாவது வேண்டும்.

பற்றுச்சீட்டில் ஒவ்வொரு பாகத்தின் தொடர் இலக்கத்தையும் எழுதச் சொன்னோம். கடைக்காரர் முகம் சுழித்தார், எழுதினார். பழுதானால் 'இது எங்கள் பொருள் இல்லை' என்று சொல்ல முடியாது. சொன்னாலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது.

கணனி வந்த அன்று பனிச்சங்கேணிக்கு நானும் போனேன். களப்புக் காற்றில் உப்பு இருக்கும் என்பதால் ஜன்னலோரம் வைத்திருந்ததை உள் சுவருக்கு மாற்றினோம். நிலத்தில் வைக்காமல் மேசைக்கு ஏற்றினோம், மாரியில் அந்தப் பக்கம் வெள்ளம் சாதாரணம். மூன்று ஓட்டைப் பிளக் புதிதாகப் பூட்டியிருந்தார்கள். எனக்குப் பழக்கமான வேலைதானே என்று டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். ஓட்டை மூன்று இருந்தது, பின்னால் எர்த் வயர் இல்லை. நாலு இலட்சம் ரூபாப் பொருளைத் தொட்டால் விரல் சுள்ளென்றது. பையனின் தகப்பன் மம்பட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் கடைக்கு அழைத்து எர்த் கம்பியும் வயரும் வானில் ஏற்றிவிடச் சொன்னேன். கணனியைப் போட்டது மறுநாள்தான்.